சட்டம் பயில வழியுண்டு

(சங்கத்தின் வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சட்டம் பயில விரும்பும் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய பொருளுதவிகளைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். நான் வழக்கறிஞன் அல்லேன்; பி.ஏ., பி.எட். பட்டம் பெற்ற பள்ளி ஆசிரியன். ஆயினும் இத்தலைப்பை விரும்பி ஏற்றுக்கொண்டேன். அதற்குக் காரணம், நான் செய்த ஒரு பிழை.

பல ஆண்டுகளுக்கு முன், என்னிடம் படித்த மாணவன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "ஐயா, நான் வக்கீலுக்குப் படிக்க வேண்டும்" என்றான். அவன் தந்தையார் செங்கல் சூளைத் தொழிலாளி. நானோ சற்றும் சிந்தியாமல், "தம்பி, அது வசதி உள்ளவர் படிக்கும் படிப்பு. படித்து முடித்தாலும் உடனே வருமானம் வராது. வேறு ஏதேனும் பார்" என்று சொல்லிவிட்டேன். அவன் மறுமொழி கூறாமல் திரும்பிச் சென்றான், சூளைக்கே சென்றான். சில ஆண்டுகள் கழித்து அவனுடைய வீட்டுமனை குறித்து ஒரு வழக்கு எழுந்தது. வழக்குத் தாளைப் படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்டு அவன் என்னிடமே வந்தான். எனக்கும் அது முழுமையாக விளங்கவில்லை. அன்றிரவு நான் உறங்கவில்லை. வழி இல்லாமல் அவன் நின்றுவிடவில்லை. இருந்த வழியை அறியாத ஆசிரியன் ஒருவன் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டான். அதன் பின்னரே நான் இவற்றைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் எவ்வாறு படித்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1913ஆம் ஆண்டு பரோடா மன்னர் வழங்கிய உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுன். காலம் மூன்று ஆண்டுகள். அக்காலம் முடிந்தமையால் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் தாயகம் திரும்பினார். பம்பாயில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகராசர் செய்த உதவி, நண்பர் நவல் பதேனா கொடுத்த கடன் ஆகியவற்றைக் கொண்டே 1920இல் மீண்டும் இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். ஒரே ஓர் உதவி அவருக்கே போதவில்லை. உதவித்தொகை, சொந்தச் சேமிப்பு, கைம்மாற்று ஆகிய மூன்றும் சேர்ந்தே அவரைக் கரை சேர்த்தன. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே திட்டமிடல் வேண்டும்.

முதலாவது, அரசுச் சட்டக் கல்லூரி. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி முதலிய ஊர்களில் அரசுச் சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. தனியார் கல்லூரிகளை நோக்க இங்குக் கட்டணம் மிகக் குறைவு. ஐந்தாண்டுப் படிப்பில் சேர ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அகில இந்திய வழக்கறிஞர் குழுமம் விதித்துள்ள தகுதி பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடு மதிப்பெண்ணேயாகும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2021இல் இயற்றப்பட்டது. சட்டப் படிப்பும் அதில் அடங்கும். அவ்வழியில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அவ்வாண்டிலேயே அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்ததை எண்ணிக் கூசுகின்ற பிள்ளைகளே, அதுவே உங்களுக்குக் கதவைத் திறக்கும் சாவி என்பதை அறிவீராக!

இரண்டாவது, பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை. 1944ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்பட்டு வரும் இத்திட்டம், நம் மக்களைக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்த பெருவழி எனலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட விதிகளின்படி மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. பணம் ஆதார் எண்ணோடு இணைக்கப்பட்ட மாணவரின் வங்கிக் கணக்கில் நேரே வந்து சேருகிறது. பெற்றோர்களுக்கு இங்கு ஒரு வேண்டுகோள். அக்கணக்கில் வந்து விழும் பணம் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணம். திருவிழாவுக்கும் காதணி விழாவுக்கும் அதைத் தொட்டுவிட்டால், தேர்வு நேரத்தில் பிள்ளை தலைகுனிந்து நிற்க நேரிடும்.

மூன்றாவது, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள். திருச்சியிலும் பெங்களூரிலும் பிற மாநிலங்களிலும் இவை உள்ளன. கட்டணம் இலட்சக் கணக்கில் என்று கேட்டவுடன் நாம் அஞ்சி விலகுகிறோம். ஆனால் உயர்தரக் கல்வி உதவித்திட்டம் என்று மத்திய அரசின் திட்டம் ஒன்று உள்ளது. குடும்ப வருமானம் 8 இலட்சம் வரை உள்ள ஆதிதிராவிட மாணவர்க்கு, பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில், குறித்த எண்ணிக்கைக்குள், முழுப் படிப்புக் கட்டணத்தையும் அது ஏற்கிறது. அதற்கு மேல் முதலாண்டு 86,000 ரூபாயும் அடுத்த ஒவ்வோராண்டும் 41,000 ரூபாயும் படிப்புச் செலவுக்குக் கிடைக்கும். இதனையும் முன்னர்க் கூறிய உதவித்தொகையையும் ஒருங்கே பெற இயலாது. இப்பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வின் விண்ணப்பக் கட்டணமே நம்மவர்க்கு 3,500 ரூபாய். ஐந்தாண்டுக்கு வழி செய்துவிட்டு, வாயிற்படியில் நம் பிள்ளையை நிறுத்தி வைக்கும் தொகை இது!

நான்காவது, அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. முதற்பட்டப் படிப்புக்கே இவை பொருந்தும். மேற்படிப்புக்கு வெளிநாடு செல்வோர்க்கு மத்திய அரசின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 125 பேர் வரை தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

வங்கிக் கடனை நான் இறுதியிலேயே வைக்கின்றேன். 4 இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை இன்றிக் கல்விக் கடன் பெறலாம். ஆயினும் மருத்துவரைப் போலவோ பொறியாளரைப் போலவோ வழக்கறிஞர்க்கு முதல் மாதமே ஊதியம் வருவதில்லை. ஆதலின் உதவித்தொகை எட்டாத பகுதிக்கு மட்டுமே கடன் வாங்குக.

படிப்பு முடிந்த பின்னும் ஒரு வாயில் இருக்கிறது. அது வழக்கறிஞராகப் பதிவு செய்தல். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் குறித்த கட்டணம் பொதுப் பிரிவினர்க்கு 750 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கு 125 ரூபாய். ஆனால் பல மாநிலங்களில் பல்லாயிரம் ரூபாய் கேட்கப்பட்டு வந்தது. சட்டத்தில் உள்ளதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024 சூலை 30ஆம் நாள் தீர்ப்பளித்தது. இளம் வழக்கறிஞர்க்குச் சென்னை, மதுரை, கோவை நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் பிற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்த அளவாக மூத்த வழக்கறிஞர் வழங்க வேண்டும் என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. கூறியது நடைமுறையில் கைக்கு வந்து சேர்வதற்கும் நம் பிள்ளைகளுக்கு அச்செய்தி தெரிந்திருத்தல் வேண்டும்.

அன்பர்களே, இத்தனை உதவிகள் இருந்தும் நம் பிள்ளைகள் ஏன் இடையில் நின்றுவிடுகின்றனர்? கட்டணம் ஆடி மாதத்தில் கேட்கப்படுகிறது. உதவித்தொகையோ பல மாதங்கள் கடந்து வருகிறது. இடையிலுள்ள அந்த மாதங்களில்தான் நம் பிள்ளை கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறான். அல்லது பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புகிறான். அரசு தரும் பணம் பாலம் என்றால், பாலத்திற்கும் கரைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருக்கிறது. அதில் ஒரு பலகையைப் போடுவது நம் கடமை.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் ஒரு கோரிக்கையை வைக்கின்றேன். நம் சங்கம் சட்ட மாணவர்க்கென ஒரு சுழல் நிதி ஏற்படுத்த வேண்டும். நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் அளித்தால் ஓராண்டில் 1,20,000 ரூபாய் சேரும். விண்ணப்பக் கட்டணம், முதற்பருவக் கட்டணம், நூல்கள் ஆகியவற்றுக்கு வட்டியில்லாமல் கொடுத்து, உதவித்தொகை வந்தவுடன் திரும்பப் பெற்று அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். இது தருமம் அன்று. தேர்க்கு முட்டுக்கட்டை எடுத்துக் கொடுப்பது போன்ற செயல். இழுப்பவர்கள் பிள்ளைகளே.

இளைஞர்களே, நீங்கள் செய்ய வேண்டுவது சிறிதே. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு முன்னரே ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கூச்சமின்றிக் கேளுங்கள்.

சூளைக்குச் சென்ற அந்த மாணவனுக்கு இன்று ஒரு மகள் இருக்கிறாள். என் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் அவளிடம், "மேலே என்ன படிக்கப் போகிறாய், அம்மா?" என்று கேட்டேன். "சட்டம், ஐயா" என்றாள். இம்முறை நான் அவளைத் திருப்பி அனுப்பவில்லை. அமரச் சொல்லி, இப்போது உங்களிடம் சொன்ன அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். சுழல் நிதியின் முதல் தவணையாக என் பங்கு 5,000 ரூபாயை இந்த மேடையிலேயே பொருளாளர் அவர்களிடம் ஒப்படைக்கின்றேன். எஞ்சியதை நீங்கள் நிறைவு செய்வீர்கள் என்னும் நம்பிக்கையோடு விடைபெறுகின்றேன்.