பொறிகளின் பசியும் பந்தி முறையும்

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. மின்கலத்தால் இயங்கும் பொறிகள் பல ஓரிடத்தில் பணிபுரியும்போது, அவை யாவும் ஒரே வேளையில் பந்திக்கு முந்தினால் என்ன நேரும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பெரிய பண்டகசாலைகளில், ஓட்டுபவர் எவருமின்றித் தாமே ஊர்ந்து சென்று சரக்கைக் கொணரும் தானியங்கிப் பொறிகள் இன்று பல நாடுகளில் வழக்கத்திற்கு வந்துள்ளன. நம் நாட்டுக் கிடங்குகள் சிலவற்றிலும் அவற்றைக் காணலாம். மின்சாரமே அவற்றின் உணவு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பொறிகள் 10, ஒவ்வொன்றும் 4 மணி நேரம் உழைக்கும், பின்னர் 1 மணி நேரம் மின்னேற்றம் வேண்டும். மின்னேற்றும் இடங்களோ இரண்டே. காலையில் பத்தும் ஒருங்கே புறப்பட்டால், நான்கு மணி கழிந்ததும் பத்தும் ஒருங்கே திரும்பி வரும். இரண்டு உண்ண, எட்டு வாளா நிற்கும். கடைசி இணைக்கு இடம் கிடைக்க மேலும் 4 மணி நேரம் ஆகும். அவ்வாறின்றி, முதல் மணியில் ஓரிணை, இரண்டாம் மணியில் மற்றோரிணை எனத் தொடக்கத்திலேயே முறை வகுத்துவிட்டால், எட்டுப் பொறிகள் எப்போதும் பணியில் இருக்கும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நடைமுறையில் சில நுட்பங்கள் உண்டு. சுமை மிகுந்தால் மின்கலம் விரைவில் வற்றும். ஆதலின், மின்னேற்றும் இடத்தை அடைவதற்கும் அங்கே காத்திருப்பதற்கும் போதிய மின்சாரத்தை ஒவ்வொரு பொறியும் இருப்பில் வைத்திருத்தல் வேண்டும். மேலும், லித்தியம் மின்கலம் தொடக்கத்தில் விரைவாக நிரம்பும். முழுமையை நெருங்கும்போது மெதுவாகவே ஏற்கும். எனவே நெரிசல் மிக்க வேளையில், 80 விழுக்காடு நிரம்பியதும் ஒன்றை எழுப்பி அடுத்ததை அமர்த்துவதே சிக்கனம்.

திருவனந்தபுரத்தில் இதே கணக்கைப் பேருந்துகளில் காண்கிறோம். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் துணையமைப்பான 'ஸ்விஃப்ட்', 2022 ஆகஸ்டில் நகரச் சுற்றுப் பாதைகளில் மின்சாரப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியது. 2023-இல் மேலும் பல சேர, அவற்றின் தொகை நூற்றைக் கடந்தது. தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் காலை மாலை வேளைகளில் மக்கள் திரள்வர். அப்போது வண்டிகள் சாலையில் இருந்தாக வேண்டும். கேரளத்தின் மின்தேவை மாலை 6 மணிக்கு மேல் உச்சத்தை எட்டுவதால், அவ்வேளையில் எல்லா வண்டிகளையும் மின்னேற்றத்திற்கு நிறுத்துவது இருவகையிலும் இடர் தரும். கூட்டம் குறைந்து, கதிரவன் தரும் மின்சாரம் மிகுந்திருக்கும் நண்பகலும், தேவை தணிந்த பின்னிரவுமே அதற்கு ஏற்றவை. 2023 ஏப்ரலில் தொடங்கப்பெற்ற கொச்சி நீர்வழிப் போக்குவரத்தின் மின்படகுகள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. பயணிகள் இறங்கி ஏறும் சிறு இடைவேளையிலேயே அவை துறையில் மின்னேற்றம் பெறவல்லவை. ஒரே வேளை நிறைய உண்பதைவிடச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பது போன்றது இது.

முறை வகுப்பதில் பிழை நேர்ந்தால் பொறிக்கு வருத்தமில்லை. சாலைக் கடைத்தெருவில் பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு, இரவில் வீடு திரும்ப வண்டியை எதிர்நோக்கி நிற்கும் தொழிலாளியே அதன் பயனை அனுபவிப்பவர். ஆகவே, மின்கலத்தின் அளவை மட்டும் நோக்காது, அவருடைய வேளையையும் நோக்கி வகுக்கும் அட்டவணையே நல்ல அட்டவணையாகும்.