பல்பின் மேல் போட்ட பழி



பொழுது சாயும் நேரத்தில் கார் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிய கார் வந்து நிற்கும். “அண்ணே, நைட்ல ரோடே தெரிய மாட்டேங்குது. பல்பை மாத்திடுங்க” என்பார் வண்டிக்காரர். பட்டறைக்காரர் பல்பைத் தொடவே மாட்டார். ஹெட்லைட்டின் மேல்பக்கத்தை ஆள்காட்டி விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். கண்ணாடி போல வழுவழுப்பாக இருக்க வேண்டிய இடம், காய்ந்த சுண்ணாம்புச் சுவர் போலச் சொரசொரக்கும். “பல்பு நல்லாத்தான் இருக்கு சார். வெளிச்சம் வெளிய வர்றதுக்குத்தான் வழி இல்ல.”

வண்டிக்காரர் நம்ப மாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இந்த மங்கல் ஒரே நாளில் வருவதில்லை. வருஷக்கணக்கில், ஒவ்வொரு இரவும் கடுகளவு வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. கண்ணும் அதற்கேற்பப் பழகிவிடுகிறது. வயதாகிவிட்டது, கண் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்களும் உண்டு.

எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ‘ட்ரிபிள் ஏ’ என்று அழைக்கப்படும் அமெரிக்கன் ஆட்டோமொபைல் அசோசியேஷன் 2018-ல் இதற்காக ஓர் ஆய்வு நடத்தியது. மஞ்சளித்து மங்கிப்போன ஹெட்லைட்டிலிருந்து, புதிய விளக்கு தரும் வெளிச்சத்தில் 20 சதவீதம்தான் வெளியே வந்தது. ஐந்தில் நான்கு பங்கு காணவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 22 மீட்டர் தாண்டிவிடும். சாலையைக் கடக்கும் ஒருவரைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை விநாடி கழிந்தால் 33 மீட்டர் போயிருக்கும். அதற்குப் பிறகுதான் வண்டி வேகம் குறையவே ஆரம்பிக்கும். அந்த 33 மீட்டருக்கும் அப்பால் நிற்பவரைக் காட்டித்தர வேண்டியது ஹெட்லைட்டின் வேலை.

குறைந்த வெளிச்சம் மட்டும்தான் தொல்லை என்றால், அது ஓட்டுபவரோடு போய்விடும். ஆனால் மங்கிய விளக்கு எதிரே வருபவரையும் கெடுக்கிறது. நல்ல ஹெட்லைட்டில் டிம் போட்டால் வெளிச்சம் ஒரு மட்டத்துக்குக் கீழேயே நிற்கும். மேற்பரப்பு சொரசொரத்துப் போனால் அதே வெளிச்சம் ஒவ்வொரு கீறலிலும் பட்டுச் சிதறி நாலாபக்கமும் போகிறது. கண்ணில் புரை விழுந்தவர்களுக்கு இரவில் எதிர்வண்டியின் விளக்கு ஒரு பெரிய பூவாக விரிந்து கூசுவதற்கும் காரணம் இதே சிதறல்தான். தமிழ்நாட்டில் ஒருகாலத்தில் ஹெட்லைட்டின் நடுவே கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள். ஒட்டாத வண்டிகளை நிறுத்திப் போலீஸ்காரர்களே ஒட்டிவிடுவதும் நடந்தது. எதிரே வருபவர் கண் கூசக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மங்கிப்போன விளக்கு டிம்மில் இருக்கும்போதே கண்ணைக் கூசவைக்கிறது. அதை யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை தெரியாது. அந்தக் காரின் முகத்தில் இருந்தவை இரண்டு வட்டக் கண்ணாடிகள். பிரிமியர் பத்மினிக்கும் அப்படியே. கண்ணாடி உடையும், வெயிலில் மஞ்சளிக்காது. உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் கறுத்துப்போகலாம், வெளிக்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். அமெரிக்காவிலும் 1940 முதல் ‘சீல்டு பீம்’ எனப்படும், மூடி அடைத்த கண்ணாடி விளக்குகள்தான் விதியாக இருந்தன. காரின் முகத்தை எப்படி வடிவமைத்தாலும் விளக்கை மட்டும் மாற்ற முடியாது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வடிவம் வேண்டும், பெட்ரோல் மிச்சமாக வேண்டும் என்ற எண்ணம் வலுத்தபோது ஃபோர்டு நிறுவனம் விதியை மாற்றக் கேட்டது. 1983-ல் அரசு இசைந்தது. 1984-ம் ஆண்டு மாடல் லிங்கன் மார்க் 7 கார், உடம்போடு சேர்ந்து வளைந்த விளக்குகளோடு அங்கே வெளிவந்தது. வளைத்த இடத்துக்கு வளையும், கல் பட்டால் உடையாது, எடையில் கண்ணாடியின் பாதிதான் என்று பிளாஸ்டிக் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அந்த பிளாஸ்டிக்கின் பெயர் பாலிகார்பனேட். 1953-ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸ் என்று இருவர் தனித்தனியே உருவாக்கியது. நிலவில் நடந்த அப்பல்லோ வீரர்களின் தலையைச் சுற்றியிருந்த குமிழி இதனால் ஆனது. சிடி தட்டு இதுதான். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பலவும் இதுதான். சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று உடையாத பொருள். ஆனால் இதற்கு இரண்டு பலவீனங்கள். எளிதில் கீறல் விழும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, மூலக்கூறுகள் உடைந்து, மஞ்சளாக மாறும்.

அதனால்தான் ஆலையிலேயே ஹெட்லைட்டின் மேல் ஒரு தோல் போட்டு அனுப்புகிறார்கள். நிறமில்லாத, கெட்டியான பூச்சு. கனம் 10 மைக்ரான் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் பல பங்கில் ஒன்று. புற ஊதாக் கதிரைத் தடுப்பதும் கீறலைத் தாங்குவதும் இந்தத் தோல்தான். அமெரிக்க விதிப்படி விளக்குக்கான பிளாஸ்டிக்கை 3 ஆண்டுகள் வெட்டவெளியில் காயவைத்துச் சோதிக்க வேண்டும். அதற்கு அவர்கள் குறித்திருக்கும் இடங்கள் இரண்டு: ஈரக்காற்றும் வெயிலும் சேர்ந்த ஃபுளோரிடா, வறண்ட பாலைவன வெயில் அடிக்கும் அரிசோனா. தமிழ்நாட்டில் சென்னையிலிருந்து வேலூர் வரை போகும் ஒரு கார், ஏறத்தாழ அந்த இரண்டு வகை வெயிலையும் ஒரே நாளில் பார்த்துவிடுகிறது. வீட்டில் நிழல் இல்லாமல் தெருவில் நிற்கும் காருக்கு வெயில் தினசரிப் பாடு. எந்தப் பக்கம் வெயில் அதிகம் படுகிறதோ அந்தப் பக்க விளக்கு முதலில் மங்குவதைப் பல கார்களில் பார்க்கலாம்.

ஆக, ஹெட்லைட்டின் மேல் தெரியும் மஞ்சள், அழுக்கு அல்ல. செத்துப்போன தோல். சோப்பு போட்டால் போகாததன் காரணம் இதுதான். செத்த தோலை முழுக்க எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் புதுத் தோல் போட வேண்டும். இந்த இரண்டில் முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடுகிறவர்களால்தான் “பாலிஷ் போட்டேன், மூணே மாசத்துல பழையபடி ஆயிடுச்சு” என்ற புகார் வருகிறது.

வேலையைத் தொடங்கும் முன் மங்கல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் தடவினால் சொரசொரப்பு என்றால் தேய்த்துச் சரிசெய்யலாம். வெளியே வழுவழுப்பாக இருந்து, உள்ளே நீர் கோத்திருந்தால் கதை வேறு. மழைநாளில் மெல்லிய ஆவி படிந்து, விளக்கு எரிந்ததும் மறைந்துபோவது இயல்பு. உள்ளே தண்ணீர் தேங்கி நின்றால் சீல் விட்டுவிட்டது என்று பொருள். பிளாஸ்டிக்கின் ஆழத்திலேயே மயிரிழை விரிசல்கள் ஓடியிருந்தால் அதற்கும் தேய்ப்பு உதவாது.

தேய்க்கும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்ல அனுபவம். முதலில் விளக்கைக் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு சுற்று ஒட்டுவார்கள். ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டு ஷாம்பு. அதில் ஊறிக்கொண்டிருக்கும் வாட்டர் பேப்பர்கள்: 800, 1000, 1500, 2000, 3000. எண் கூடக்கூடத் தாள் நைசாகும். 800-ஐ எடுத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே இடமும் வலமுமாகத் தேய்ப்பார்கள். முதல் சில நிமிடம் வழியும் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். மோரில் மஞ்சள் தூள் கலந்ததுபோல வெளிர் மஞ்சளாக இறங்கும். அதுதான் அந்தச் செத்த தோல். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் விட்டு, வெறும் வெள்ளையாக வரும். நடுநடுவே துடைத்து, காயவைத்துப் பார்ப்பார்கள். திட்டுத் திட்டாக, வரைபடத்தில் தீவுகள் தெரிவதுபோல ஓரங்கள் தெரிந்தால் பழைய பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. அந்தத் தீவுகள் அத்தனையும் போய், விளக்கு முழுவதும் ஒரே சீரான வெள்ளையாக ஆகும்வரை அடுத்த தாளுக்குப் போகக்கூடாது.

வண்டிக்காரர் பதறும் கட்டம் இதுதான். வந்தபோது மஞ்சளாகவாவது இருந்த விளக்கு இப்போது குளியலறை ஜன்னல் போல ஒன்றுமே தெரியாமல் நிற்கும். “என்ன அண்ணே, இன்னும் மோசமாயிடுச்சே!” கை நிற்காது. அடுத்து 1000, மேலும் கீழுமாக. அதற்கடுத்த தாள் மறுபடி இடமும் வலமுமாக. இப்படித் திசை மாற்றித் தேய்த்தால்தான் முந்தைய தாள் போட்ட கோடுகள் போய்விட்டனவா என்று கண்ணுக்குத் தெரியும். 2000 தாண்டும்போது உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர் நிழலாகத் தெரிய ஆரம்பிக்கும். 3000 முடிந்து, காம்பவுண்ட் வைத்து மெஷினில் பஃபிங் செய்ததும் தெளிந்துவிடும். மெஷினை ஒரே இடத்தில் அழுத்தி வைத்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். அதனால் கை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இங்கே நிறுத்திவிட்டால் பாதி வேலைதான். இப்போது நிற்பது தோலுரித்த பிளாஸ்டிக். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கோட்டிங்கைப் பூச வேண்டும். துணியால் தடவும் வகை உண்டு. பெயிண்ட் கடைக்காரர்கள் தரும், ஹார்டனர் கலந்து அடிக்கும் கிளியர் கோட் இன்னொரு வகை. ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் பளபளக்கும்வரை தேய்க்கத் தேவையில்லை. நடுத்தர எண் தாளோடு நிறுத்திவிடுவார்கள். கோட்டிங் அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டு, கீறல்களையும் நிரப்பிவிடும். அந்த ஹார்டனரின் ஆவி நுரையீரலுக்குக் கெடுதி. அதற்குரிய வடிகட்டி மாஸ்க் இல்லாமல் அடிக்கக்கூடாது, வீட்டுக்குள் அடிக்கவே கூடாது.

குறுக்கு வழிகள் நிறைய உலவுகின்றன. பற்பசையைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான். அதில் நைசான தேய்ப்புத் தூள் இருக்கிறது. மேலாக இருக்கும் மங்கல் கொஞ்சம் போகும். புதுத் தோல் வராது. சில வாரங்களில் மஞ்சள் திரும்பிவிடும். ‘டீட்’ கலந்த கொசுவிரட்டி ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைப்பது இன்னும் மோசம். அந்த மருந்து பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே இளக்குகிறது. இளகியதால் வரும் பளபளப்பைப் பார்த்து மயங்கினால், பின்னால் வெடிப்புதான் மிஞ்சும். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஆகியவற்றுக்கும் இதே விளைவு.

ஒரு குவளையில் திரவத்தைச் சூடாக்கி, அதன் ஆவியைக் குழாய் வழியே விளக்கின் மேல் காட்டும் முறை இப்போது பரவியிருக்கிறது. தொட்ட இடம் நொடியில் கண்ணாடியாக மாறுவதைப் பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கும். இத்தகைய திரவங்களில் டைகுளோரோமீத்தேன், குளோரோஃபாம் போன்ற கரைப்பான்கள் இருப்பதுண்டு. டைகுளோரோமீத்தேனை மூச்சில் இழுத்தால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் அதன் பெரும்பாலான பயன்பாடுகளைத் தடை செய்தது. அந்தக் குவளையை முகத்துக்கு நேரே பிடித்தபடி, மாஸ்க்கூட இல்லாமல் ஒரு பையன் நாளுக்குப் பத்துக் கார்களுக்கு ஆவி காட்டுகிறான் என்றால், விளக்கு தெளிவதற்கு விலை கொடுப்பது அவன்தான். வேலை கொடுப்பவர்கள் அதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் போதவில்லை என்று 60/55 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100/90 மாட்டுவது இன்னொரு தவறு. மங்கிய விளக்குக்குள் பல்பின் சக்தியைக் கூட்டினால் சிதறலும் கூடும். எதிரே வருபவர் கண் இன்னும் கூசும். அத்தனை சூட்டைத் தாங்க ஹோல்டரும் ஒயரிங்கும் ரிஃப்ளெக்டரும் செய்யப்பட்டவை அல்ல.

‘டூம்’ என்று பட்டறையில் சொல்லும் முழு ஹெட்லைட் பாகத்தையே புதிதாக மாற்றிவிட்டால்? ட்ரிபிள் ஏ ஆய்வு அதையும் அளந்தது. கார் நிறுவனத்தின் அசல் பாகம் போட்டால் வெளிச்சம் 100 சதவீதமும் திரும்புகிறது. வெளிச் சந்தையில் கிடைக்கும் மற்ற நிறுவனப் பாகங்களில் 83 முதல் 90 வரை. தேய்த்துச் சரிசெய்தால் ஏறத்தாழ 70. கடையில் கொடுத்துச் செய்தாலும் வீட்டில் கவனமாகச் செய்தாலும் அதே அளவு. எல்இடி விளக்கு உள்ள புதிய கார்களில் ஒரு டூமின் விலை பல ஆயிரங்களில் போகிறது. வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், கோட்டிங் எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு ரூபாய்ச் செலவு. 20-ல் கிடந்தது 70-க்கு வருகிறது.

டாக்ஸி, வேன் போன்ற வாடகை வண்டிகள் 8 வருஷம்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். அப்போதாவது விளக்கை யாரோ ஒருவர் பார்க்கிறார். சொந்தக் காருக்கு முதல் 15 ஆண்டுகள் அந்தக் கட்டாயமும் இல்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது ஹெட்லைட்டையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிடலாம். ஐப்பசி மழை வலுக்கும் முன் வேலையை முடித்துவிட வசதியாக இருக்கும்.

பட்டறையில் இருட்டிவிட்டது. இடது விளக்குக்குக் கோட்டிங் காய்ந்திருந்தது. பட்டறைக்காரர் காரை எதிர்ச்சுவருக்கு நேராக நிறுத்தி டிம் போட்டார். இடப்பக்கம் சுவரில் கோடு கிழித்தாற்போல ஒரு மட்டம். அதற்குக் கீழே வெள்ளை வெளிச்சம், மேலே இருட்டு. வலப்பக்கம் உருவமில்லாத மஞ்சள் திட்டு ஒன்று, ஓரமே தெரியாமல் கூரைவரை பரவியிருந்தது.

வண்டிக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டும் ஒரே பல்பா அண்ணே?”

“ஒரே பல்புதான் சார். நான் ஒண்ணையும் மாத்தல.” சொல்லிவிட்டு அவர் வாளியிலிருந்து 800 தாளை எடுத்து, வலது விளக்கின் பக்கம் குந்தினார்.