நெல்லி என்னும் ஊர்

1983ஆம் ஆண்டு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன எவை? ஜூன் 25ஆம் நாள் லண்டனில் கபில்தேவ் ஏந்திய உலகக் கோப்பை ஒன்று. தமிழராகிய நமக்கு அதனினும் ஆழப் பதிந்தது ஜூலையில் கொழும்பில் எரிந்த வீடுகள். அத்துயரை நம் வீட்டுத் துயராகவே கொண்டோம், கொண்டது முறையே.

அதே ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், நம் நாட்டிற்குள்ளேயே, அஸ்ஸாமில் நெல்லியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் சில மணி நேரத்திற்குள் கொல்லப்பட்டோர், அரசுக் கணக்கின்படியே 1,819 பேர். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பர். வங்காளத்திலிருந்து முன்னர்க் குடியேறியோர் வழிவந்த ஏழை முஸ்லிம் உழவர் அவர்கள். ஓட மாட்டாத பெண்டிரும் குழந்தைகளுமே மிகுதியாக மாண்டனர். அந்நியர் பெயரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கக் கோரிய கிளர்ச்சிக்கிடையே, அரசு தேர்தலை நடத்திய வேளை அது. தாக்கியோரும் எங்கிருந்தோ வந்தவரல்லர். அண்டை ஊர்களில் வாழ்ந்த திவா பழங்குடியினரும் பிறருமே. நிலம் கைவிட்டுப் போகிறதே என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அச்சம் உண்மையாயிருக்கலாம், அதற்குக் குழந்தைகள் என் செய்வர்?

தமிழில் எழுதினால் அவ்வூர்ப் பெயர் நமக்கு நெல்லிக்கனியைத்தான் நினைவூட்டுகிறது. அந்த அளவே நம் அறிமுகம். தொலைவைக் காரணம் காட்டுவதற்கில்லை. குவாஹாத்தியிலிருந்து நாகாவ் செல்லும் நெடுஞ்சாலையிலேயே நெல்லி இருக்கிறது. கொழும்போ கடலுக்கு அப்பால். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நமக்கு உறவில்லாத இடத்துச் செய்தி மேசைக்கு வந்தால், ‘அசம்பாவிதம்’ என்ற சொல் கேளாமலே எழுதுகோலுக்கு வந்துவிடுகிறது. அச்சொல்லில் வெட்டியவனும் இல்லை, வெட்டுண்டவனும் இல்லை. கொழும்புக்கு நாம் அச்சொல்லை இட்டதில்லை.

பின் நடந்ததைச் சுருங்கச் சொல்லலாம். காவல் துறை 688 வழக்குகளைப் பதிவு செய்தது. 1985இல் அஸ்ஸாம் ஒப்பந்தம் ஏற்பட்டது, வழக்குகள் கைவிடப்பட்டன. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. திவாரி விசாரணைக் குழு 1984இல் அளித்த அறிக்கை 2025 நவம்பரில்தான் மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. இடைப்பட்ட நாற்பத்தோராண்டுகளில், அதைக் கேட்டுத் தமிழ்நாட்டிலிருந்தோ தில்லியிலிருந்தோ எத்தனை குரல்கள் எழுந்தன என்று எண்ணிப் பார்த்தோம். விரல்கள் மிஞ்சின.