ஐயாவும் ஐயோவும்



புலம்பெயர்ந்த தமிழர் இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கும் இரு சொற்கள் 'ஐயா', 'ஐயோ' என்பன. கடைசி உயிர் ஒன்றே வேறு, பொருளோ வெகுதொலைவு.

'ஐயா' என்பது விளி. 'ஐயன்' என்னும் பெயரின் ஈற்று மெய் கெட்டு, அதற்கு முன்நின்ற அகரம் நீண்டு இச்சொல் பிறக்கிறது. தந்தை, தலைவர், ஆசான் முதலிய பெரியோரை மதிப்புடன் அழைக்க இது பயன்படும். யாழ்ப்பாணத்தில் பெற்ற தந்தையையே 'ஐயா' என்றழைத்த குடும்பங்கள் பல.

'ஐயோ' என்பது உள்ளத்திலிருந்து தானே எழும் ஒலி. ஓகார இடைச்சொல்லுக்கு நன்னூலார் கூறும் எட்டுப் பொருள்களுள் 'கழிவு' ஒன்று. கழிந்துபோனதை எண்ணி இரங்குதல் என்பது அதன் கருத்து. துயரம், வலி, அச்சம், இரக்கம் ஆகிய யாவும் 'ஐயோ'வில் அடங்கும். விளக்கேற்றும் வேளையில் பிள்ளைகள் இதைச் சொன்னால் முதியோர் தடுப்பதும், எமனின் மனைவி பெயர் அது என்று கதை சொல்வதும் இதனாலேயே. எனினும் கம்பர், இராமனின் அழகை விவரிக்கச் சொல் போதாத இடத்தில் 'ஐயோ' என்றே வியந்தார். பேரழகும் பெருந்துயரும் ஒரே ஒலியை எழுப்புகின்றன.

2016ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி 'ஐயோ'வைச் சேர்த்துக்கொண்டது. உடன் சேர்ந்த 'ஐயா' தமிழருடையதன்று. சலிப்பையும் திகைப்பையும் காட்டும் சீன மொழிச் சொல் அது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளரும் தமிழ்ப் பிள்ளை இவ்விரண்டையும் நண்பர்களிடம் கேட்கிறது. நண்பரிடம் கற்ற சலிப்பொலியை அப்பிள்ளை வீட்டில் உதிர்த்தால், தாத்தாவின் செவியில் அது மரியாதையாக விழும்!

இது சிரித்துவிட்டுக் கடக்கக்கூடிய மயக்கம். மற்றொன்று அத்தகையதன்று. அயல்நாட்டு மருத்துவமனையில் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியாருக்காக மொழிபெயர்ப்பது பலவேளை பேரப்பிள்ளையே. "ஐயா" என்று அவர் மருத்துவரை அழைக்கிறாரா, "ஐயோ" என்று வலியால் முனகுகிறாரா? பள்ளியில் வேடிக்கைச் சொல்லாகவே 'ஐயோ'வை அறிந்த பிள்ளை, அந்த முனகலைப் பொருட்படுத்தாது விடக்கூடும்.

பெற்றோர்களே, இச்சொற்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்விக்க வேண்டாம். முதியோரோடு பிள்ளைகள் பேசிப் பழக வழி செய்யுங்கள். இளையோர்களே, சொல்லோடு சொல்பவரின் முகத்தையும் பாருங்கள். ஒலியின் பொருள் அங்கேதான் முழுமை பெறுகிறது.