கட்டப்பா ஏன் அடிமையாக இருந்தான்?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் பேசியது. பேச்சு நடை பெரிதும் மாற்றப்படவில்லை.)



பஞ்சமி நிலம், உள் ஒதுக்கீடு என்று பேசவேண்டியது எவ்வளவோ கிடக்கும்போது 'பாகுபலி'யைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். அந்தப் படத்தை நான் நாலு தரம் பார்த்தவன். அதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். பிடிக்காத படத்தைத் திட்டுவது சுலபம். பிடித்துப்போன படத்திடம் கணக்குக் கேட்பதுதான் கஷ்டம்.

2015 ஜூலையில் முதல் பாகம் வந்தது. எங்க வீட்டில் பேச்சு தெலுங்கு. அருந்ததியர் வீடுகளில் நிறையப் பேருக்கு அப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும். அம்மா தியேட்டருக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. 'நம்ம பாஷக்காரங்க எடுத்த படம்' என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஓடியது தமிழ்ப் பதிப்பு. அருவி வந்ததும் அம்மா வாயைப் பிளந்து பார்த்தது. சிவலிங்கத்தைப் பெயர்த்துத் தோளில் வைத்துக்கொண்டு அவன் நடக்கிற காட்சியில் தியேட்டரே எழுந்து நின்றது. நானும் விசிலடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, எஸ்.எஸ். ராஜமௌலிக்குக் கூட்டத்தின் நாடி தெரிகிறது.

பிறகு போர்க்களம். வீராவேசமான ஒரு வசனத்தின் நடுவில் 'பகடை' என்கிற சொல் வசையாக வந்து விழுந்தது. எங்க தாத்தா பேருக்குப் பின்னால் இருந்த சொல் அது. பூலித்தேவன் படையில் நின்று போரிட்ட ஒண்டிவீரன் பகடையின் பேரில் இருக்கிற சொல். தியேட்டர் கைதட்டிக்கொண்டிருக்கிறது. அம்மா என் பக்கம் திரும்பி, தெலுங்கில், 'என்ன சொன்னான்?' என்று கேட்டது. 'ஒண்ணுமில்ல' என்றேன்.

அடுத்து நடந்தது ஊரறிந்தது. எதிர்ப்புக் கிளம்பியது, மதுரையில் ஒரு தியேட்டர்மேல் பெட்ரோல் குண்டு விழுந்தது, வசனம் எழுதிய மதன் கார்க்கி வருத்தம் தெரிவித்தார், சொல்லை எடுத்தார்கள். என்கூட வேலை பார்க்கிற ஒருத்தர், 'அது சூதாட்டப் பகடைங்க, நீங்க ஏன் உங்களச் சொன்னதா எடுத்துக்கிறீங்க?' என்றார். நாங்களா எடுத்துக்கொண்டோம்? காலங்காலமாகக் கையில் கொடுத்துவிட்டு இப்போது ஏன் எடுத்தாய் என்றால் எப்படி? குண்டு வீசியது சரியென்று நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் கைதட்டினவர்களைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

ஒரு சொல்லை எடுத்துவிட்டால் படம் சுத்தமாகிவிடுமா? கதைக்குள் போய்ப் பார்ப்போம்.

இந்தப் படத்தில் நம்மை இழுப்பது எது? ராஜாவா, அரண்மனையா? என்னைக் கேட்டால், உடம்பு. உடம்பு செய்கிற வேலை. தூக்குவது, இழுப்பது, ஏறுவது, சுமப்பது, எல்லாம் நம்ம வேலை. கல் சுமந்தவனுக்கும் மரம் ஏறினவனுக்கும் திரையில் தன் உடம்பு நூறு மடங்காகத் தெரிகிறது. விசில் அங்கிருந்துதான் வருகிறது. அது பொய்யான விசில் இல்லை. ஆனால் அந்த உழைப்பைப் படம் யார் கணக்கில் எழுதுகிறது என்று பாருங்கள்.

பல்வாள்தேவனின் தங்கச் சிலையைத் தூக்கி நிறுத்தும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கூலிகள் கயிறு இழுக்கிறார்கள். கை நழுவுகிறது, சிலை சாய்கிறது. அப்போது எங்கிருந்தோ வந்தவன் ஒருத்தன் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறான். அவன் யார்? ராஜா மகன். நூறு பேரால் முடியாதது ராஜ ரத்தத்தால் முடிகிறது. உடனே ஜனம் 'பாகுபலி' என்று கத்துகிறது. தன் கை தூக்கியதைத் தானே இன்னொருவன் பேரில் எழுதிக் கொடுக்கிறது.

அருவியும் அப்படித்தான். மலைச்சனங்கள் எடுத்து வளர்த்த பிள்ளை. வளர்த்த தாய் சங்காவாக ரோகிணி உருக்கமாக நடித்திருக்கிறார். அந்தச் சனத்தில் வேறு யாருக்கும் அருவிக்கு மேலே ஏறவேண்டும் என்று தோன்றவே இல்லையாம். இவனுக்கு மட்டும் தோன்றுகிறது. ஏனென்றால் பிறப்பு! வளர்ப்பு பால் கொடுக்கும், பிறப்புதான் பட்டம் கொடுக்கும். இதற்குப் பேர் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெண்களைப் பற்றி ஒன்று. வாளெடுத்துப் போராடுகிற அவந்திகாவை, அவள் சம்மதம் இல்லாமலே உடை மாற்றி, மை தீட்டி 'பெண்ணாக்கி'க் காட்டுகிற காட்சியை அப்போதே பலர் கண்டித்தார்கள். இரண்டாம் பாகத்தில் அவளைத் தேடவேண்டியிருக்கிறது.

இப்போது கட்டப்பா. முதல் பாகம் முடிந்ததும் இந்தியா முழுக்க ஒரே கேள்வி: 'கட்டப்பா பாகுபலியை ஏன் கொன்றான்?' 2017 ஏப்ரலில் இரண்டாம் பாகம் வரும்வரை இரண்டு வருஷம் அதே பேச்சு. படம் 1000 கோடியைத் தாண்டியதில் அந்தக் கேள்விக்கும் பங்குண்டு. கட்டப்பா ஏன் அடிமையாக இருந்தான் என்று யாராவது கேட்டோமா? நானும் கேட்கவில்லை.

படமே அதற்குப் பதில் வைத்திருக்கிறது. வாள் வியாபாரி அஸ்லம் கான், கட்டப்பாவின் திறமையைப் பார்த்து மலைத்து, உன்னை மீட்டு விடுகிறேன் என்கிறான். முன்னோர் கொடுத்த வாக்கு, சிம்மாசனத்துக்கு நாங்கள் அடிமை என்று கட்டப்பா மறுத்துவிடுகிறான். கவனியுங்கள், விடுதலை தருகிறேன் என்று சொல்ல வெளியூர் முஸ்லிம் ஒருவன் வரவேண்டியிருக்கிறது. 'மாமா, மாமா' என்று பாசமாகக் கூப்பிடுகிற நல்ல ராஜாவுக்கு அது தோன்றவே இல்லை. அஸ்லம் கான் இரண்டாம் பாகத்தில் தலைகாட்டவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குலத்தோடு வருகிற அடிமைத்தனம் இங்கே 'விசுவாசம்' ஆகிவிடுகிறது. ஆண்டையின் பாவத்தைச் சுமப்பதும் அவன்தான். சிவகாமி உத்தரவு போடுகிறாள், வாளை இவன் செருகுகிறான், காலமெல்லாம் குற்றவாளியாக இவன் அழுகிறான். கடைசியில் நல்லவன் பட்டத்துக்கு வந்த பிறகும் அவன் விலங்கு கழன்றதாக ஒரு காட்சி கிடையாது. ராஜா மாறினார், அவ்வளவுதான்.

இளைய பாகுபலியின் பாதத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறாரே, அந்தக் கட்டப்பா சத்யராஜ். 2007இல் பெரியாராக நடித்த அதே சத்யராஜ். நடிகர் எந்த வேடமும் போடலாம், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் காட்சியில் எனக்கு உட்காரமுடியவில்லை.

காலகேயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு மை பூசின உடம்பு, அழுக்கு, ராணியைப் பற்றி ஆபாசப் பேச்சு. அவர்களுக்கென்று 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே இலக்கணத்தோடு செய்திருக்கிறார்கள். மொழி கொடுத்தவர்கள் ஒரு நியாயத்தைக் கொடுக்கவில்லை. ஏன் படையெடுத்தார்கள், அவர்கள் நிலம் எங்கே, ஒன்றும் தெரியாது. போருக்கு முன் காளிக்கு எருமை பலி. நம்ம கதாநாயகன் வாயில்லா ஜீவனைக் கொல்லமாட்டேன் என்று தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கிறான். வில்லன்தான் வெட்டுகிறான். எருமைக்கு இரங்கினவன் அடுத்த அரைமணி நேரத்தில் எத்தனை கறுப்புத் தலைகளைச் சீவுகிறான் என்று எண்ணிப் பாருங்கள்.

எருமை என்றதும் எனக்கு ஆந்திரத்தின் காரம்சேடு ஞாபகம் வருகிறது. 1985இல் தலித்துகளின் குடிநீர்க் குளத்தில் எருமை கழுவியதைத் தட்டிக்கேட்டதில் தொடங்கி ஆறு பேரைக் கொன்றார்கள். 1991இல் சுண்டூர். அந்த டெல்டா மண்ணின் நிலவுடைமைச் சாதிப் பணம்தான் தெலுங்கு சினிமாவையும் வளர்த்தது. அங்கே எடுக்கிற கதையில் ராஜா நல்லவனாகத்தான் இருப்பான். பின்னாளில் 2022இல் வந்த 'ஆர்ஆர்ஆர்' படத்திலும் இதே கணக்குத்தான். கோமரம் பீம் நிஜத்தில் நிஜாமை எதிர்த்து நின்று 1940இல் கொல்லப்பட்ட கோண்டு வீரன். படத்தில் அவன் இராமன் வேடத்தில் நிற்பவனிடம் எழுத்தறிவு கேட்கிறான். அதைப் பேச இன்று நேரமில்லை.

போன வருஷம் ஒரு விடுதி ஆண்டுவிழாவுக்குப் போயிருந்தேன். பசங்க 'பாகுபலி' போட்டார்கள். சிவந்த பையன் ராஜா. இருக்கிறதில் கறுத்த பையனுக்கு இன்னும் மை பூசிக் காலகேயன். எல்லாரும் நம்ம பிள்ளைகள்தான், பாத்திரம் பிரித்ததும் அவர்களேதான். அவன் கிளிக்கி பேசினான், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இறங்கி வந்தவனிடம் கேட்டேன்: 'ஏம்பா, நீ ராஜா வேசம் கேக்கலையா?' 'கேட்டேண்ணா' என்றான். பிறகு, 'அண்ணா, அந்தக் காலகேயனுங்க எந்த ஊருன்னு படத்துல சொல்லவே இல்லியே, கவனிச்சீங்களா?' என்றான்.

நான் நாலு தரம் பார்த்தும் கவனிக்காதது அது. மேலே காலகேயரைப் பற்றிச் சொன்னதெல்லாம் அவன் எடுத்துக் கொடுத்ததுதான். அவன் வந்திருக்கிறான், மூணாவது வரிசை. அடுத்து அவன் பேசட்டும்.