மாதிரியுருக்களும் காற்றுத் தூரிகையும்

சிறியதைப் பெரியதாகக் காட்டுவது உருப்பெருக்கி. பெரியதைச் சிறியதாக்கி, அதன் இயல்பு குன்றாமல் உள்ளங்கையில் அடக்கிக் காட்டுவது மாதிரியுருக் கலை. வானூர்தி, கப்பல், புகைவண்டி, மோட்டார் வண்டி முதலியவற்றின் பகுதிகளைப் பிளாஸ்ரிக்கில் வார்த்துப் பெட்டிகளில் அடைத்து விற்கின்றனர். அவற்றை ஒட்டிப் பொருத்துதல் பொறுமையுள்ள எவர்க்கும் கைகூடும். ஆயினும் பொருத்திய உருவத்துக்கு உயிர் கொடுப்பது வர்ணமே. வர்ணம் பிழைத்தால், பல வாரத்து உழைப்பும் வெறும் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிடும். இவ்வேலைக்கு இன்று பெரிதும் விரும்பப்படும் கருவி காற்றுத் தூரிகை. கடைகளில் அது எயார்பிரஷ் என்றே வழங்குகின்றது. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

காற்றுத் தூரிகை சில்லறைக் காசுக்கு வாங்கும் பொருள் அன்று. அதனோடு காற்றை ஊட்டும் பொறியும் சேர்ந்தால், நடுத்தரக் குடும்பத்து இளைஞன் ஒருவனுக்கு அது பல மாதச் சேமிப்பாகும். அச்சேமிப்போடு கடைக்குச் செல்பவன், விலை கூடியதே சிறந்தது என்றும், ஊசி நுண்ணியதாக இருப்பதே நல்லது என்றும் எண்ணுவது இயல்பு. வாங்கிய கருவியின் வாய் அடைபட, அதனைக் கழுவும் வகை அறியாமல், மூன்றாம் மாதம் அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும் நிகழக்கூடியதே. அங்கே குறை கருவியினுடையது அன்று. வேலைக்கும் கைக்கும் வீட்டுக்கும் பொருந்தாத ஒன்றைத் தேர்ந்ததே குறை.

இக்கருவி மாதிரியுருக்களுக்கென்று பிறந்தது அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அயோவா மாநிலத்தவரான அப்னர் பீலர் என்பவர் 1870களின் இறுதியில் இதன் முதல் வடிவத்தை அமைத்தார். 1890களில் சார்ள்ஸ் பேர்டிக் என்பவர், காற்றும் வர்ணமும் கருவியின் தலைக்குள்ளேயே கலக்கும் வகையைச் செம்மைப்படுத்தினார். புகைப்படங்களைத் திருத்துவதற்கும் உருவப்படங்களுக்கு நிழல் தீட்டுவதற்கும் அது அக்காலத்தில் பயன்பட்டது. ஒரு நிறம் எங்கே முடிந்தது, மற்றொரு நிறம் எங்கே தொடங்கியது என்று கண்டறிய இயலாதவாறு இணைக்கும் ஆற்றலே அன்றும் இன்றும் அதன் சிறப்பு.

அச்சிறப்பு மாதிரியுருவுக்கு ஏன் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அப்பொழுது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழுந்து எதிர்த்தவற்றுள் பெரும்பாலானவை ஹரிக்கேன் என்னும் போர் விமானங்கள். ஹரிக்கேனின் இறக்கைகள் முனைக்கு முனை 40 அடி நீளம் கொண்டவை. மாதிரியுரு செய்வோர் பெரிதும் கையாளும் அளவு 72இல் ஒரு பங்கு. அவ்வளவில் 6 அடி உயர மனிதன் 1 அங்குலம் ஆகிறான். ஹரிக்கேன் 7 அங்குலத்துக்கும் குறைந்து ஒரு சாணுக்குள் அடங்கிவிடுகிறது.

அதன் மேற்புறத்தில் மண்ணிறமும் கரும்பச்சையும் அலை அலையாய்த் தழுவி நிற்கும். உண்மை விமானத்தில் அவ்விரு நிறங்களும் 1 அங்குல அகலத்தில் ஒன்றிலொன்று மங்கிக் கலந்தன என்று கொள்வோம். மாதிரியுருவில் அந்த அகலம் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மயிர்த் தூரிகையால் இத்தகைய மங்கலை வரைவது மிகக் கடினம். மேலும், தூரிகை இழுத்த வர்ணம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பாகப் படிந்தாலும், உண்மை விமானத்தில் அது 7 மில்லிமீற்றர் தடித்த பூச்சுக்கு ஒப்பாகும். அத்தடிப்பில் தகடுகளின் பொருத்துக் கோடுகளும் ஆணிகளின் அடையாளங்களும் மூழ்கிப்போகும். காற்றுத் தூரிகையோ வர்ணத்தைப் பனிபோலத் தூவி, மெல்லிய படையாகப் படியச் செய்கிறது.

ஆகவே வாங்குபவன் முதலிற் கேட்கவேண்டிய வினா, கருவியின் விலை யாது என்பதன்று. தன் வேலை யாது என்பதே. கருவியின் நுனியில் மூக்கு எனத்தக்க ஒரு சிறு துளை உண்டு. அதனுள் ஓர் ஊசி முன்னும் பின்னும் நகர்ந்து வர்ணத்தின் அளவை ஆளுகின்றது. அத்துளையின் விட்டத்தை 0.2, 0.3, 0.5 மில்லிமீற்றர் என விற்போர் கூறுவர். 0.2 நுண்ணிய புள்ளிகளுக்கும் நிழல்களுக்கும் ஏற்றது. ஆனால் வர்ணத்தில் சிறு கட்டி இருப்பினும் அடைபடும். 0.5 அடிப்பூச்சுக்கும், மேற்பூச்சு வார்னிசுக்கும், உலோகத் துகள் கலந்த வர்ணத்துக்கும், பெரிய கப்பலின் உடலுக்கும் ஏற்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 பெரும்பாலான வேலைகளைச் செய்யவல்லது. ஒரே கருவி வாங்கக் கூடியவனுக்கு அதுவே தக்கது.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். 0.3 மில்லிமீற்றர்த் துளை 0.3 மில்லிமீற்றர்க் கோட்டையே வரையும் என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. கோட்டின் அகலத்தைத் தீர்மானிப்பவை வர்ணத்தின் நெகிழ்ச்சி, காற்றின் அமுக்கம், பொருளுக்கும் கருவிக்கும் உள்ள தூரம், விரலின் பயிற்சி ஆகிய நான்குமே. பழகிய கை 0.3இல் வரையும் கோட்டைப் பழகாத கை 0.2இலும் வரைய மாட்டாது.

அடுத்துக் கவனிக்கவேண்டியது விசையின் அமைப்பு. ஒற்றைச் செயற் கருவியில் விசையை அழுத்தினால் காற்று வரும். வர்ணத்தின் அளவை ஒரு திருகாணியால் முன்கூட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். பயில்வது எளிது, ஒரே நிறத்தைச் சீராகப் பூசுவதற்குப் போதுமானது. இரட்டைச் செயற் கருவியிலோ, விசையைக் கீழே அழுத்தக் காற்றும், பின்னே இழுக்க வர்ணமும் வரும். ஓடும் கையிலேயே கோட்டைத் தடிக்கவும் மெலியவும் செய்யலாம். ஹரிக்கேன் போன்ற உருவங்களின் அலைநிறங்களுக்கு இதுவே பொருத்தம். முதற் சில நாள்கள் விரல் தடுமாறும். நீரை மட்டும் இட்டுப் பழைய தாளில் வரைந்து பழகினால் அத்தடுமாற்றம் நீங்கும்.

வர்ணக் கிண்ணம் எங்கே அமைந்துள்ளது என்பதும் முக்கியம். கிண்ணம் மேலே அமைந்த கருவியில் வர்ணம் தன் எடையாலேயே இறங்கும், குறைந்த அமுக்கம் போதும், சில துளி வர்ணம் கொண்டே வேலை முடியும், கழுவுதலும் எளிது. புட்டி கீழே தொங்கும் கருவியில் காற்று வர்ணத்தை மேலே உறிஞ்சவேண்டும். அதற்கு அமுக்கம் கூட வேண்டும். ஒரே நிறத்தை நெடுநேரம் பூசுவோர்க்கு அது வசதி. சிறு உருவங்களுக்கு மேற்கிண்ணமே சிறந்தது.

கருவி எத்துணை நல்லதாயினும் காற்றுச் சீராக வராவிடின் பயன் இல்லை. காற்றை அமுக்கி அனுப்பும் பொறியைக் கொம்பிரசர் என்பர். தாங்கி இல்லாத சிறிய பொறியின் காற்று துடித்துத் துடித்து வரக்கூடும். தாங்கி உள்ள பொறியில் காற்று ஒரே சீராக வரும். பொறியும் இடையிடையே ஓய்வுபெறும். சதுர அங்குலத்துக்கு 15 முதல் 20 இறாத்தல் அமுக்கம் பெரும்பாலான வேலைக்குப் போதும். அதனை அமைக்கச் சீராக்கியும் அமுக்கமாணியும் தேவை. கடல் சூழ்ந்த இலங்கை போன்ற ஈரமிக்க நாட்டில் இன்னொரு பொருளும் தவிர்க்க முடியாதது. காற்றை அமுக்கும்போது அதிலுள்ள நீராவி நீராகப் பிரியும். அந்நீர்த்துளி வர்ணத்தோடு பாய்ந்தால், முடிந்த இறக்கையிலும் வடு விழும். ஆதலால் நீரைத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைக் காற்றுக் குழாயிற் பொருத்துதலும், வேலை முடிந்ததும் தாங்கியின் அடியில் தங்கிய நீரைத் திறந்துவிடுதலும் வேண்டும்.

இனிச் சொல்லவிருப்பது எல்லாவற்றிலும் முதன்மையானது. பனிபோலத் தூவும் வர்ணம் உருவத்தில் மட்டும் படிவதில்லை. மூச்சோடு நெஞ்சுக்குள்ளும் செல்லும். நீரில் கரையும் அக்கிரிலிக் வர்ணத்திலும் நுண்துகள் உண்டு. லாக்கர் வகை வர்ணமும் அதன் தின்னரும் தீய ஆவியை எழுப்புவன; எளிதில் தீப்பற்றுவன. சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. இரசாயன ஆவிக்கென அமைந்த வடிகட்டியோடு கூடிய முகமூடியும், காற்றை வெளியே ஈர்த்துத் தள்ளும் விசிறிப் பெட்டியும் வேண்டும். லாக்கர் பூசும் இடத்தில் தீப்பொறி எழுப்பும் மின்கருவியோ, எரியும் விளக்கோ, புகையும் நுளம்புத்திரியோ இருத்தல் ஆகாது. குழந்தைகள் உறங்கும் அறையில், கதவை அடைத்து இவ்வேலை செய்வது எவ்வாற்றானும் தகாது. தனி இடம் இல்லாத வீட்டினர் அக்கிரிலிக் வர்ணத்தைத் தேர்வதே நன்று. அதற்கும் துகளைத் தடுக்கும் முகமூடியும், திறந்த யன்னலும் வேண்டும். வெப்பத்தில் அது ஊசி நுனியில் விரைந்து உலர்ந்து அடைக்கும். உலர்தலைத் தாமதிக்கும் திரவத்திற் சில துளி சேர்த்தால் அத்தொல்லை குறையும்.

தேர்ந்த வர்ணத்துக்கும் கருவிக்கும் பொருத்தம் உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். கருவியினுள் வர்ணம் கசியாமற் காக்கும் சிறு வளையங்கள் உள்ளன. சாதாரண இறப்பர் வளையம் லாக்கர்த் தின்னர் பட்டு ஊதிப்போகும். ரெப்லோன் வளையம் தாங்கும். ஊசி, மூக்கு, வளையம் ஆகிய மூன்றும் தேய்ந்தும் வளைந்தும் கெடுவன. அவை தனித்தனியே கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரித்தல் அறிவுடைமை. உதிரிப்பாகம் கிடையாத கருவி, எவ்வளவு மலிவாயினும், ஊசி வளைந்த நாளோடு முடிந்துபோகும். பழைய கருவியை வாங்குவோர் ஊசியை மெதுவாகக் கழற்றி, மட்டமான கண்ணாடியில் உருட்டிப் பார்க்கலாம். நுனி துள்ளினால் ஊசி வளைந்துள்ளது. கிண்ணத்தில் நீரூற்றிக் காற்றைச் செலுத்துகையில் குமிழி எழுந்தால், மூக்கின் பொருத்தில் பழுதுண்டு அல்லது அது இறுகப் பொருத்தப்படவில்லை என்று அறியலாம்.

வர்ணம் பாலைப்போல் நெகிழ்ந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு நிறம் முடிந்ததும் கிண்ணத்தைத் துடைத்து, உரிய திரவத்தைச் செலுத்தி, தெளிவாக வரும்வரை கழுவுதல் வேண்டும். நாள் முடிவில் ஊசியை எடுத்துப் பின்னிருந்து முன்னாகத் துடைத்து வைத்தல் வேண்டும். பத்து நிமிடம் கேட்கும் இப்பணியைச் செய்ய மனம் ஒப்பாதவனுக்கு மிகச் சிறந்த கருவியும் சில வாரத்துக்கே உதவும்.

எனவே கையிலுள்ள பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடுதல் விவேகம் அன்று. மூச்சைக் காக்கும் முகமூடிக்கு உரியதை முதலிலே ஒதுக்குக. அடுத்துத் தாங்கியும் நீர்வடிகட்டியும் உள்ள காற்றுப் பொறிக்கு ஒதுக்குக. எஞ்சியதில், உதிரிப்பாகம் கிடைக்கக்கூடிய, மேற்கிண்ணமும் இரட்டைச் செயலும் 0.3 மில்லிமீற்றர் மூக்கும் அமைந்த நடுத்தரக் கருவி ஒன்றை வாங்குக. கை தேறிய பின் நுண்ணிய கருவியைத் தேடலாம். கண் காண்பது இறக்கையின் நிறத்தை மட்டுமே. அந்நிறத்தைத் தருவது விலையுயர்ந்த ஊசி அன்று, நாள்தோறும் கழுவி நாள்தோறும் எடுக்கப்படும் எளிய கருவியே.