பனிக்காலத்தில் பழைய ட்ரக்டர்: பத்து நிமிசம் பொறுப்போம்

(விறகு வெட்டும் தொழிலாளர்கள், ட்ரக்டர் சாரதிகள், அவர்களின் குடும்பத்தினர் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய பேச்சு)



நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் சில நாள் விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும். கொழுந்து கருகும். பனி கொழுந்துக்கு மட்டுமா? விறகு இழுக்கிற பழைய ட்ரக்டருக்கும் அதே பனிதான். ஆனால் ஸ்டோர் அடுப்பு காத்திருக்காது. அதனால் காலையில் எல்லோருக்கும் அவசரம்.

அந்த அவசரம் என்ன செய்யும் என்பதை நாங்கள் ஒரு தோட்டத்தில் கண்ணால் கண்டோம். ட்ரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. "இன்னுமா?" என்று மேலிருந்து சத்தம். உதவிக்கு நின்ற பையன் துணியைப் பெற்றோலில் நனைத்து, எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் பிடித்தான். நெருப்பு திருப்பி அடித்தது. வலது கை வெந்து போச்சு. மூன்று மாதம் அவனுக்கு வேலையில்லை. ட்ரக்டரும் அன்று ஓடவில்லை. பத்து நிமிசத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு குடும்பம் மூன்று மாதம் கடன்பட்டது.

ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை? டீசல் எஞ்சினில் நெருப்புப் பொறி கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கும்போது வருகிற சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டைத் தின்றுவிடுகிறது. பழைய எஞ்சினில் ரிங் தேய்ந்திருந்தால் காற்றும் கசிந்து போகும். ஓயில் தடித்துக் கிடக்கும். பெட்டரியும் உறைபனிக் குளிரில் மூன்றில் ஒரு பங்கு பலத்தை இழந்துவிடும். இத்தனையும் சேர்ந்தால் எந்தச் சாரதிதான் என்ன செய்வார்? சாரதியை ஏசிப் பிரயோசனமில்லை.

ஆகவே முதல் நாள் மாலையிலேயே வேலையைத் தொடங்குவோம். டாங்கியை மாலையில் நிரப்பி வைத்தால் இரவில் உள்ளே ஈரம் படிவது குறையும். காலையில் பில்டர் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பெட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையைச் சுத்தம் செய்யுங்கள்.

காலையில் கியரை நியூட்ரலில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொள்ளுங்கள். சூடாக்கும் பிளக் இருக்கிற எஞ்சினென்றால் 15, 20 வினாடி அதைச் சூடேற விடுங்கள். பிறகு ஸ்டார்ட்டரை 10 வினாடிக்கு மேல் பிடிக்காமல், ஒரு நிமிசம் இடைவெளி விட்டு மறுபடி பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வரும். அது எரியாத டீசல், சூடேறினால் குறையும். உடனே முறுக்காதீர்கள். ஓயில் மேலே ஏற நேரம் கொடுத்து, மெதுவாக நகருங்கள்.

செய்யவே கூடாதவையும் உண்டு. எஞ்சினுக்கு அடியில் தீ மூட்டக் கூடாது. குளிர்ந்த எஞ்சினில் கொதிநீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். ஆள் ஏறிய ட்ரெயிலரோடு இறக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்யக் கூடாது. கதவை மூடிய கராஜுக்குள் எஞ்சினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை, ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். தாய்மார்களே, குளிர் காயப் பிள்ளைகளை அங்கே அனுப்பாதீர்கள்.

மரம் அறுக்கிற மெசின் வாளும் அப்படித்தான். கையில் தொங்க விட்டு இழுக்காமல், தரையில் வைத்துக் காலால் அமுக்கிக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்துங்கள். ஆறினால் அது சுருங்கி பாரைப் பிடித்துக்கொள்ளும். குளிரும் அதிர்வும் சேர்ந்தால் விரல் வெளுத்து மரத்துப்போகும். அதைச் சும்மா குளிர் என்று விடாதீர்கள்; பல வருசம் போனால் விரல் தேறாது. காய்ந்த கையுறை போடுங்கள், மாறி மாறி அறுங்கள், விரல் வெளுத்தால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையில் காயம்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. காயம் சிறிதானாலும் அன்றே சொல்லி, எழுத்தில் பதியச் செய்யுங்கள். "நம்ம பிழைதானே" என்று மறைத்தால் பிறகு கேட்க வழியிருக்காது.

எஞ்சின் சூடேறுகிற பத்து நிமிசமும் வேலை நேரம்தான். இதைக் காலைப் பிரட்டிலேயே கண்டக்டர் ஐயாவிடம் மரியாதையாகச் சொல்லுவோம். சாரதி ஒருவர் மட்டும் சொன்னால் அது சாக்கு என்பார்கள். நாம் எல்லோரும் சேர்ந்து சொன்னால் அது தோட்டத்து வழக்கமாகிவிடும். விறகு கொஞ்சம் பிந்தி வரட்டும். போன ஆள் முழுசாக வீடு வந்து சேரட்டும்.